முகாமுக்கு உலர்த்திய மாம்பழம்

“ஜூலை 19. மாம்பழத் துண்டுகள் காய்ந்து முடிந்தன. அதே தட்டில் மாங்காய், கல்லுப்பில் புரட்டி ஏற்றப்பட்டது. மழை இல்லை, மூட்டம். புகை அதிகம்.”

என் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். இந்த நான்கு வரிகளை அதற்குப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. குறிப்பில் தவறு ஒன்றுமில்லை. தேவைப்பட்ட நாளில் அந்தப் புத்தகம் வீட்டு மேசையில் இருந்தது, நான் மலையில் இருந்தேன்.

பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். இரண்டு வருடமாக அவளுடைய வலது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. பறிப்பதற்குச் சரிவான மலை கொடுத்தால் ஏறும்போது ஒரு வலி, இறங்கும்போது அதைவிடப் பெரிய வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் தைலம் கொடுத்து, “கொஞ்சம் நடையைக் குறைங்க” என்றார்கள். கொழுந்து பறிப்பவள் நடையைக் குறைப்பது எப்படி என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு மேலே, தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் ஒரு சிங்கள முதலாளி, நாங்கள் மஹத்தயா என்போம், ஐந்து கூடாரங்கள் அடித்து வைத்திருக்கிறார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கி, பனியைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவருக்கு நிரந்தரமாக ஒரு சமையல்காரி வேண்டும் என்று கேள்விப்பட்டோம். கூடாரம் வரைக்கும் த்ரீவீல் ஆட்டோ போகும். அடுப்பு இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கிறது. முழங்காலுக்கு அதைவிடத் தோதான வேலை இந்தப் பக்கத்தில் கிடையாது. தங்கை நேரில் போய்க் கேட்டாள். ஆகஸ்ட் 9, 10 இரண்டு நாளும் ஆறு பேர் வருகிறார்கள், சமைத்துக் காட்டு, பார்க்கலாம் என்று சொல்லி ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தாளில்தான் தொல்லை தொடங்கியது. பச்சைப் பழம் எதுவும் மேலே கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்தார். குரங்குகள். முந்தைய மாதம் ஒரு பப்பாளிப்பழத்துக்காக ஒரு கூடாரத்தையே கிழித்துவிட்டனவாம். ஆனால் வருகிறவர்கள் பழம் கேட்பார்கள், இனிப்பும் கேட்பார்கள். ஆகவே எல்லாம் காய்ந்த பழத்தில் இருக்க வேண்டும். டப்பாவில் அடைத்துப் பூட்டி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லை. பசும்பால் இல்லை.

காய்ந்த பழம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அன்றாடச் சாமான் அல்ல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மன் திருவிழாவுக்கும் வாங்குவது. தங்கை தாளை இரண்டு முறை மடித்தாள், பிரித்தாள்.

“என்னண்ணே இது, ரெண்டு நாளும் திருவிழா சமையலா?”

“பேரீச்சம்பழத்த வச்சு ரொட்டி சுடலாம். மதியத்துக்குப் பாயசம். நீ செய்யாததா?”

“கோயிலுக்குச் செஞ்சிருக்கேன். கொழும்பு ஆளுங்களுக்குச் செஞ்சதில்ல.”

வெளிநாட்டு மலையேறிகள் எழுதிய புத்தகங்கள் சில என்னிடம் உண்டு. பழத்தைச் சிறு துண்டாக வெட்டி உலர்த்திக் கொண்டுபோய், முகாமில் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியிலும் மாவிலும் சேர்ப்பது எப்படி என்று அவற்றில் விளக்கமாக இருக்கிறது. அதைப் படித்த தெம்பில், மாம்பழத்தை நானே உலர்த்துகிறேன் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் ஜூலை மாத மூட்டத்தில் எங்கள் தோட்டத்தில் பழம் காய வைத்தவர்கள் இல்லை.

ஜூலை 10 அன்று முதல் தட்டை வெயிலில் வைத்தேன். வெயில் நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு பனி இறங்கிப் பழம் முன்னைவிட ஈரமாகியது. பழைய பழக்கத்தில் தொழிற்சாலைக்குப் போய், கொழுந்து காய வைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தட்டு வைக்க இடம் கேட்டேன். தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீ மேக்கர் என் முகத்தையே பார்த்தார்.

“நீங்களா கேக்குறீங்க? தேயிலைக்குப் பழ வாசம் ஏறினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். முப்பது வருடம் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் வாழைப்பழம் கொண்டுவந்தாலும் வெளியே அனுப்பியவன் நான். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். கடைசியில் எங்கள் விறகடுப்புக்கு மேலே கம்பி கட்டி, அதில் ஏற்றினேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய துண்டுகள் பழுப்பாகி, பிறகு கறுத்தன. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 19, வளைத்தால் ஒட்டாமல் வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். புகை கொஞ்சம் இருந்தாலும் நல்ல இனிப்பு. அன்று நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் அந்த மகிழ்ச்சியால்தான் 19 என்ற எண் என் மண்டையில் பதிந்துபோனது.

கம்பி சும்மா இருக்கிறதே என்று அன்றைக்கே மாங்காயையும் வெட்டி, உப்பில் புரட்டி ஏற்றினேன். இரண்டாம் நாள் கருவாட்டுக் குழம்புக்கு மாங்காய் வத்தல் வேண்டும் என்று தங்கை கேட்டிருந்தாள். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினேன். ஒரே புகையில் இரண்டும் ஒரே கறுப்பாயின. ஒரே மாதிரிப் பைகளில் கட்டி, ஒவ்வொரு பையின் மேலும் அது முதலில் தட்டில் ஏறிய தேதியை எழுதினேன். மாம்பழத்துக்கு ஜூலை 10. மாங்காய்க்கு ஜூலை 19. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. தேதி இருந்தால் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் முறை. ஆபீசில் முப்பது வருடம் அப்படித்தான் செய்தேன். அங்கே புத்தகம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

மற்றவற்றை ஆகஸ்ட் 7 அன்று பலாங்கொடை டவுனில் வாங்கினேன். அந்த முஸ்லிம் கடைக்காரரை இருபது வருடமாகத் தெரியும், அண்ணன் என்ற முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். பிளம்ஸ் அரைக் கிலோ, பேரீச்சம்பழம் ஒரு கிலோ என்று சொன்னேன். பிளம்ஸ் என்றால் எங்கள் பக்கத்தில் உலர்ந்த திராட்சை.

“என்ன கணக்கப்புள்ள, வீட்டுல கல்யாணமா? தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு.”

“கேம்ப்புக்கு நானா. தங்கச்சி சமைக்கப் போறா.”

“அந்த மஹத்தயாட கூடாரத்துக்கா? அவரும் இங்கதான் சாமான் எடுக்கிற. ஒங்கட தங்கச்சிட பலகாரம் நான் திண்டிருக்கிறேன். பயப்பட வேணாம், வேல கெடச்ச மாதிரித்தான்.”

நிறுத்துப் போட்ட பிறகு ஒரு பிடி பேரீச்சம்பழம் கூடப் போட்டார்.

ஆகஸ்ட் 9 காலை ஆறு மணிக்குத் த்ரீவீலில் சாமான்களோடு ஏறினோம். தங்கை இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தாள். விறகும் தண்ணீரும் என் பொறுப்பு. காற்று பலமாக அடித்தது. ஏழரைக்கு ஆறு பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். நான்கு பேர் சிங்களவர், இரண்டு பேர் தமிழ். தமிழ்க்காரர்களில் ஒருத்தி கண்ணாடி போட்ட இளம்பெண். போனைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

காலைச் சாப்பாடு எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. தேங்காய்ப்பூவோடு பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி மாவில் பிசைந்து, தடித்த ரொட்டியாகத் தட்டிக் கல்லில் சுட்டாள். பழம் சூட்டில் இளகி, ரொட்டியின் ஓரத்தில் கருப்பட்டிப் பாகு போலக் கசிந்தது. கூடவே இஞ்சி போட்ட பிளேன்டீ. முதல் அடுக்கு தீர்ந்து இரண்டாவது அடுக்கும் தீர்ந்தது. கண்ணாடிக்காரி ரொட்டியைப் பிட்டுப் பிட்டுப் படம் எடுத்தாள். மஹத்தயா அடுப்படிக்கே வந்து நின்று சாப்பிட்டார்.

“அக்கா, ஹரிம ரசை, சரியான ருசி. டிசம்பர்ல நிறையப் பேர் வாறது. நீங்க வந்து சமைக்க ஏலுமா?”

“ஏலும் மஹத்தயா.”

அவர் போன பிறகு தங்கை என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் சிரித்தாள். முழங்காலைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

மதியத்துக்குச் சோறு, பருப்பு, போஞ்சிக்காய்க் கறி, அப்பளம். இனிப்புக்குச் சவ்வரிசிப் பாயசம். கித்துள் மரத்துக் கருப்பட்டி, தேங்காய்ப்பால், மாம்பழ வத்தல், மேலே நெய்யில் பொரித்த பிளம்ஸ். பத்தரை மணியளவில் நான் ஊற்றிலிருந்து தண்ணீர்க் கேனோடு ஏறி வந்துகொண்டிருந்தேன். தங்கை அடுப்படியிலிருந்து இரண்டு பைகளையும் தூக்கிக் காட்டினாள்.

“அண்ணே, இதுல எது பழம்? ஊறப் போடணும்.”

“பத்தொம்பதாந்தேதி பை!”

யோசிக்கவே இல்லை. அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். பழம் காய்ந்து முடிந்த நாள் 19. பையில் நான் எழுதியிருந்ததோ ஏற்றிய நாள்.

அவள் அந்தப் பையைப் பிரித்து வெந்நீரில் போட்டாள். ஊறிய தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதையும் பாயசத்தில் ஊற்றினாள். தேங்காய்ப்பால் கொஞ்சம் திரிந்திருக்க வேண்டும். கருப்பட்டி நிறத்தில் அது தெரியவில்லை. இதெல்லாம் நடக்கும்போது நான் மூன்றடி தூரத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

தங்கை பருப்பை ருசி பார்த்தாள். போஞ்சியை ருசி பார்த்தாள். அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கும் அதே வழக்கம். பாயசத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை என்று பிறகு சொன்னாள். பதினொரு வருடமாகத் தோட்டத்துக் கோயிலில் திருவிழாப் பொங்கல் வைப்பவள் அவள். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் அதை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். வாயில் துணி கட்டிக்கொண்டு கிண்டுகிறவர்களும் உண்டு. பதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், இனிப்பைக் கை அளவால் அறிய வேண்டும். நெய்யில் பிளம்ஸ் பொரிகிற வாசம் எழுந்தால் அது அம்மனுக்கான சமையல் என்று அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது. வீட்டில் தீபாவளிப் பாயசமும் படைத்த பிறகுதான். ஆக, பிளம்ஸ் போட்ட ஒரு பண்டத்தை இறக்குவதற்கு முன்னால் அவள் தன் வாழ்நாளில் ஒரு தடவையும் ருசி பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து கோப்பைகளில் பாயசம் போனது. மேலே பிளம்ஸ் பளபளவென்று உப்பியிருந்தது. கண்ணாடிக்காரி முதலில் படம் எடுத்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள். குடித்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பக்கத்தில் இருந்த தமிழ்க்காரரைப் பார்த்தாள். அவரும் குடித்துவிட்டு இருமினார்.

“அக்கா, இது பாயசமா ரசமா?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. சிங்களவர்களில் வயதான ஒருவர் மரியாதைக்காகக் கோப்பை முழுவதையும் குடித்துவிட்டு, தண்ணீர் கேட்டார். பிறகு இன்னொரு முறை தண்ணீர் கேட்டார். மஹத்தயா தன் கோப்பையை வாயில் வைத்தார், கீழே வைத்தார். “பரவால்ல, பரவால்ல” என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கை அடுப்படிக்கு வந்து சட்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு வாயில் வைத்தாள். பிறகு மற்றப் பையைப் பிரித்து ஒரு துண்டைக் கடித்தாள். அந்தப் பையை என் பக்கமாகத் தள்ளினாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

“ஒரு சொட்டு வாயில வச்சுப் பாக்க மாட்டியா? பருப்பப் பாத்தியே!”

“பாத்திருக்கணும். எம்மேலதான் தப்பு.” பையைச் சுட்டிக் காட்டினாள். “பைமேல மாங்கா, பழம்னு ரெண்டு எழுத்து எழுதியிருந்தா ஒங்க பேனா தேஞ்சா போயிரும்?”

நான் கோடரியை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போனேன்.

மறுநாள் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் ரவையை வறுத்துப் பிளம்ஸ் போட்டுக் கிண்டினாள். மதியம் கருவாட்டுக் குழம்புக்கு மாங்காய் வத்தலுக்குப் பதிலாகப் புளி கரைத்து ஊற்றினாள், நன்றாக அமைந்தது. சரியான பையிலிருந்த மாம்பழத்தில் புதிதாகப் பாயசம் வைத்தாள். இந்தத் தடவை மூன்று முறை ருசி பார்த்தாள். மூன்றாவது முறை என் வாயிலும் ஊற்றினாள். கருப்பட்டியும் மாம்பழமும் லேசான புகையும் சேர்ந்து, நான் அதுவரை சாப்பிட்ட பாயசங்களில் அதற்குத்தான் முதலிடம். தமையன் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆறு கோப்பையும் அப்படியே திரும்பி வந்தன. “வயிறு நிறைஞ்சிருச்சி அக்கா,” என்றாள் கண்ணாடிக்காரி. மரியாதையாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் தங்கள் பைகளைக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்கள். முதல் நாள் முழுக் கோப்பையும் குடித்த அந்தப் பெரியவர், பாயசத்தைக் கண்டதும் எழுந்து தொலைவுக்கு நடந்தார். மஹத்தயாவிடம் நானே ஒரு கோப்பையைக் கொண்டுபோனேன்.

“எனக்குச் சீனி வியாதி இருக்கு அண்ணே,” என்றார். காலையில் ரவைக் கேசரியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர்.

ஒரு வாய், ஒரே ஒரு வாய் யாராவது எடுத்திருந்தால் போதும். வழக்கமான சோறு கறி போக, இரண்டு நாளில் ஐந்து பண்டங்கள் செய்தாள். நான்கு நன்றாக இருந்தன. அவர்கள் நினைவில் கொண்டுபோனது ஐந்தாவதை. தங்கை பாயசத்தை ஒரு டப்பாவில் ஊற்றி மூடி, த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். லயத்தில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். டப்பாவை வழித்துச் சாப்பிட்டார்கள்.

மஹத்தயா போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். தங்கை மலைக்குப் போகும்போதும் போனைத் துணிப்பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஆகஸ்ட் 27 அன்று எனக்குத்தான் செய்தி வந்தது. இந்த சீசனுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது, அக்காவுக்கு நன்றி சொல்லவும். நான் அதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“சரி” என்றாள். பிறகு, “நாளைக்கு ஏழாம் நம்பர் மலைன்னு சொன்னாங்க,” என்றாள். ஏழாம் நம்பர்தான் எங்கள் தோட்டத்தில் ஆகச் சரிவானது.

என்னால்தான் அந்த வேலை போனது என்று நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். செப்டம்பர் 13 அன்று பலாங்கொடைக் கடைக்காரர் அதைக் குழப்பினார்.

“என்ன கணக்கப்புள்ள, தங்கச்சி போகல்லயா? நான் அப்பவே நெனச்ச. பெலிஹுல்ஓயாப் பக்கத்துல ஒரு பொம்பள, அவதான் இப்ப அங்க சமைக்கிற. மஹத்தயாவோட இங்க வந்து, கூடாரத்துக்கு என்னென்ன சாமான் வேணும்னு அவவே சொல்லிச் சொல்லி எடுத்தா. வேல பேசி முடிஞ்ச மாதிரித்தான் இருந்தது.”

“எப்ப வந்தா நானா?”

“அது கொஞ்ச நாளாச்சி.”

“நான் பிளம்ஸ் வாங்கினதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால போலத்தான் கெடக்கு.”

“நான் வந்தப்ப வேல கெடச்ச மாதிரித்தான்னு சொன்னீங்களே.”

அவர் தாடியைத் தடவினார். “அப்ப பின்னாலயோ தெரியா. தேதியெல்லாம் கேட்டா நான் எங்க போற? ஒங்களப் போல நான் எழுதியா வைக்கிற? நல்ல மழ பேஞ்சிட்டிருந்தது, அது மட்டும் ஞாபகம். அவட கொடைலருந்து தண்ணி சொட்டி சீனி மூட்ட நனஞ்சிட்டது.”

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தேன். நல்ல மழை என்று நான் குறித்திருக்கும் நாட்கள் ஜூலைக் கடைசியில் இரண்டு, ஆகஸ்ட் நடுவில் மூன்று. ஆனால் அது எங்கள் தோட்டத்து மழை. டவுனில் அன்று பெய்ததா என்று என் புத்தகத்தில் இல்லை.

அந்தப் பெண் ஜூலையில் வந்திருந்தால், தங்கை ரொட்டி சுடுவதற்கு முன்பே வேலை வேறு கைக்குப் போயிருக்கிறது. மஹத்தயா அடுப்படியில் நின்று டிசம்பர் பற்றிக் கேட்டது வெறும் பேச்சு. ஆகஸ்டில் வந்திருந்தால் அந்தப் பாயசம்தான் காரணம், அதாவது என் பை. மஹத்தயாவையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். தங்கை வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம்ணே. கேட்டா அடுத்த சீசனுக்கும் கூப்பிட மாட்டாரு. ஒங்களுக்குத் தேதி வேணும், எனக்கு வேல வேணும். போன வைங்க.”

வைத்துவிட்டேன். புத்தகத்தில் செப்டம்பர் 13க்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: பெலிஹுல்ஓயாப் பெண் கடைக்கு வந்தது ஆகஸ்ட் 9க்கு முன்னாலா பின்னாலா, தெரியவில்லை. கடைக்காரரின் நினைவு மட்டுமே ஆதாரம், அவரும் இரண்டு விதமாகச் சொல்கிறார். இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.